இருபத்துமூன்றாவது பதில்

இசைத் தேர்வு வாரியத்தில் அவர்களுடைய பெயர்கள் கோப்பில் மட்டும்தான் இருந்தன. மற்றபடி அவர் கேள்விக்காரர், அவள் பதில்காரி. தபால்காரர்கூட அவர்கள் வீட்டுக்கு வரும்போது கீழே இஸ்திரிக் கடையில், “கேள்விக்காரர் இருக்காரா?” என்று விசாரித்துவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

வேலை இதுதான். இசைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வினாத்தாளில் நான்கு தாளக் கட்டத்துக்கு ஒரு மெட்டை எழுதிக் கொடுத்து, மிச்சம் நான்கு கட்டத்தை நீயே எழுது என்று விட்டுவிடுவார்கள். முதல் நான்கு கேள்வி, பின் நான்கு பதில். கேள்வி எப்படி வேண்டுமானாலும் ஓடலாம். முடியும்போது மட்டும் ‘ரி’யிலோ ‘ப’விலோ அந்தரத்தில் நிற்க வேண்டும். பதில் அதே நடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பி, வளைந்து, கடைசியில் ‘ஸ’வில் வந்து உட்கார வேண்டும். கேட்கிறவனுக்கு அப்பாடா என்று இருக்க வேண்டும். கேள்விகளை அவர் எழுதினார். திருத்துகிறவர்கள் வைத்துப் பார்த்துக்கொள்ள மாதிரிப் பதில்களை அவள் எழுதினாள். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான்.

ஆரம்பித்ததும் இதில்தான். இருவரும் வாரியத்தில் மெட்டுகளைப் பிரதி எடுக்கும் அறையில் அடுத்தடுத்த மேஜையில் இருந்தார்கள். ஒருநாள் அவர் நான்கு கட்டத்தை எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், சும்மா இருக்கமாட்டாமல் அவள் மீதியை முடித்து வைத்தாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு நான்கு கட்டத்தை எழுதி அவள் மேஜையில் வைத்துவிட்டு மறுபடி டீ குடிக்கப் போனார். காதல் கடிதம் என்று அவர்கள் எழுதிக்கொண்டது அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். காலையில் எழுந்ததும் ஒரு கேள்வியை எழுதி அடுக்களையில் உப்பு டப்பாவுக்கு அடியில் செருகுவார். அவள் உலை கொதிக்கிற நேரத்தில் பதில் எழுதி அதே இடத்தில் வைப்பாள். பிடித்திருந்தால் தாள் காணாமல் போகும். பிடிக்கவில்லை என்றால் அந்த மனிதர் வாயைத் திறந்து சொல்லமாட்டார். அதே கேள்வியை ஒரு புதுத் தாளில் மறுபடி எழுதி அங்கேயே செருகிவிடுவார். வேறு எழுது என்று அர்த்தம். கையில் வேலை இருந்தால் வாயாலேயே நடக்கும். அவர் குளியலறையிலிருந்து முனகுவார், அவள் அடுப்படியிலிருந்து பதில் முனகுவாள், பிடிக்காவிட்டால் அவர் மறுபடி அதையே முனகுவார். ஒருதடவை பதினோரு முறை ஆனது. பதினோராவது முறை அவள் கரண்டியை விட்டெறிந்தாள். பன்னிரண்டாவது பதில் தேர்வுத் தாளில் ஏறியது. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் அவளுக்கு எரிச்சலும் வரும், பெருமையும் வரும். இந்த உலகத்தில் அவளால் இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அவர் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது துண்டோடு சரிந்து விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கை, வலது கால் போயின. பேச்சு முழுசாகப் போயிற்று. ‘ஆ’ என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. பசிக்கும் அதுதான், வெளிச்சம் கண்ணில் குத்தினாலும் அதுதான். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே தலையாட்டல். சொல்வதெல்லாம் புரிகிறதா என்று அவள் டாக்டரிடம் கேட்டபோது, கொஞ்சம் புரியலாம், சொல்ல முடியாது என்றார். இந்தப் பதிலுக்கு அவள் ஒரு மார்க்கூடப் போட்டிருக்கமாட்டாள்.

தெருப் பக்கத்து ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டார்கள். காலையில் அவரைப் புரட்டி, வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்து, முதுகில் பவுடர் போட்டு, கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டி, வழிந்ததைத் துடைத்து, மறுபடி புரட்ட வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டல். அவளுடைய மணிக்கட்டு வீங்கி வளையல் ஏறாமல் போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் ஒரு பிசியோ வருவார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய கைகள். காலைத் தூக்கி மடக்கி நீட்டிவிட்டு, போகிறபோதெல்லாம் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். அசையாத காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கட்டினால் வீங்கும், வலிக்கும், கட்டி நகர்ந்து மேலே போனால் உயிருக்கே ஆபத்து, அதனால் தினமும் காலையில் போர்வையை விலக்கி இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பார். அவளும் தவறாமல் பார்த்துவந்தாள்.

வாரியத்தில் இந்த வருஷத்துக்கு நாற்பது கேட்டிருந்தார்கள். முப்பத்தொன்று முடிந்திருந்தபோது அவர் விழுந்தார். மீதி ஒன்பதுக்கு வாரியத்து அம்மா வாரம் ஒருமுறை போன் செய்வார். நல்ல மாதிரி மனுஷி. முதலில் உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, பிறகு தயங்கித் தயங்கி, மாதக் கடைசிக்குள் வராவிட்டால் கேள்விகளை வேறு ஒருவரிடம் கொடுக்க வேண்டியிருக்கும், பதிலை நீங்களே எழுதலாம் என்றார். வேறு ஒருவர் கேள்விக்கா? அது இன்னொருவர் கட்டிலில் போய்ப் படுப்பது மாதிரி இருந்தது.

தானே கேள்வி எழுதிப் பார்த்தாள். அங்கேதான் வேடிக்கை. எத்தனை தரம் முயன்றாலும் நான்காவது கட்டத்தில் மெட்டு தானாக ‘ஸ’வில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பிடித்து இழுத்து ‘ரி’யில் நிறுத்தினால் கதவைச் சாத்தாமல் விட்ட மாதிரி அரைகுறையாக இருந்தது. இருபத்தாறு வருஷமாக முடித்தே பழகிய கைக்குத் திறந்து வைக்கத் தெரியவில்லை. அவள் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு கட்டிலின் அருகில் உட்கார்ந்து, “உங்க மண்டைக்குள்ள இன்னும் ஒன்பது இருக்குங்க. எனக்குத் தெரியும்” என்றாள். அவர் தலையை ஆட்டினார். எதற்கும்தான் ஆட்டுவாரே.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாக விடவில்லை. இஸ்திரிக் கடையிலிருந்து ஆவியும் ஈரத்துணி வாடையும் மாடிக்கு ஏறின. கோடு போட்ட தாள்கள் நமுத்து, பென்சில் வைத்தால் கிழிந்தன.

திங்கட்கிழமை காலை அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபோது முன்னறையிலிருந்து சத்தம் வந்தது. வழக்கமான ‘ஆ’ இல்லை. வாயை மூடிக்கொண்டு முனகுகிற சத்தம். மேலே கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, ‘ரி’யில் போய் நின்றது.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. அடுக்களையில் நின்றபடியே, அதே நடையைப் பிடித்து, வளைத்து, ‘ஸ’வில் கொண்டுவந்து முடித்தாள். முடித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னறையில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி அதே முனகல். அதே ஏற்றம், அதே சுற்று, ‘ரி’.

“பிடிக்கலையா?” என்று ஓடினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “பிடிக்கலையா உங்களுக்கு? சரி, சரி. வேற எழுதறேன்.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் கலங்கியிருந்ததால் அதில் அவளுக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

அன்று வெந்நீர் வைக்கவில்லை. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, முழங்காலில் பலகையை வைத்து, கேள்வியை எழுதிக்கொண்டாள். அவர் முனகியதில் நடுவே மூச்சு இழுத்துக்கொண்டது. அங்கே ஓர் ஓய்வுக் குறி போட்டாள். ஓர் இடத்தில் குரல் உடைந்தது. மூன்று மாதம் பூட்டிக் கிடந்த தொண்டை அல்லவா என்று அந்த ஸ்வரத்தைச் சரிசெய்து எழுதினாள். கோடு போட்டுப் பிரித்தபோது கச்சிதமாக நான்கு கட்டம் வந்தது. அவர் எழுதியதிலேயே நல்ல கேள்வி இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. கீழே எண் போட்டுக்கொண்டு பதில்களை எழுதினாள். ஒவ்வொன்றையும் பாடிக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

இஸ்திரிக் கடைக்காரர் கீழேயிருந்து, மேலே கச்சேரி ஆரம்பித்துவிட்டதா என்று குரல் கொடுத்தார். ஆரம்பித்துவிட்டது என்று ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள். நனைந்த தெருவில் போன இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மத்தியானம் மகளுக்குப் போன் செய்தாள். மகள் இரண்டு மணி நேரத் தூரத்தில் வேறு ஊரில், ஒரு கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் சொல்கிற வேலையில் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோவாள். அம்மா போனை அப்பாவின் வாயருகே பிடித்தாள். மகள் முனகலை முழுதும் கேட்டாள்.

“அம்மா, அப்பாவுக்கு எங்கேயாவது வலிக்குதான்னு கேட்டியா?”

“கேட்டேன். தலைய ஆட்டினார்.”

“அவர் எல்லாத்துக்கும்தானேம்மா ஆட்டறார்.”

“உனக்கு என்னடி தெரியும் எங்க வேலை? ‘ரி’யில நிறுத்தறார். வலிக்கறவங்க ‘ரி’யில நிறுத்துவாங்களா?”

சின்ன வயதிலிருந்தே அந்த இருவருக்கும் நடுவில் நுழைய மகளுக்கு இடம் இருந்ததில்லை. பள்ளியில் என்ன நடந்தது என்று அவள் சொல்ல வரும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் முனகிக்கொண்டிருப்பார்கள். இந்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

செவ்வாய் காலை பதிலின் எண் பதினாறைத் தொட்டிருந்தது. அவர் கஞ்சியை வாயில் வாங்காமல் முகத்தைத் திருப்பினார். வேலை நடக்கும்போது அவர் எப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார் என்று கிண்ணத்தை மூடி வைத்தாள். நெற்றியில் வேர்த்தது, துடைத்துவிட்டாள். இப்போது அவர் அவளுடைய பதில் முடியும்வரை காத்திருக்கவில்லை. அவள் மூன்றாவது கட்டத்தில் இருக்கும்போதே குறுக்கே புகுந்து கேள்வியை ஆரம்பித்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு பதிலையும் இடையில் வெட்டியதில்லை. அவள் பென்சிலை நிறுத்தி யோசித்தாள். பிறகு, ஒரு குரல் முடிவதற்குள் இன்னொரு குரல் புகுந்து துரத்துகிற மாதிரி எழுதச் சொல்கிறார் என்று முடிவு செய்து, அப்படியே எழுதிக்கொண்டாள். தாளின் ஓரத்தில், ‘புது யோசனை’ என்று குறித்தாள்.

பதினோரு மணிக்குப் பிசியோ வந்தார். மழையில் தொப்பலாக நனைந்து, வாசலில் குடையை உதறிக்கொண்டு நின்றார். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

“இன்னைக்கு வேண்டாம் தம்பி. வேலையில இருக்கோம்.”

“வேலையா? யாரும்மா?”

“நாங்க ரெண்டு பேரும்தான். பாதியில விட்டா போயிடும். வெள்ளிக்கிழமை வாங்க.”

உள்ளேயிருந்து முனகல் கேட்டது. பிசியோ எட்டிப் பார்க்க முயன்றார். ஐந்து நிமிஷம் காலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். நான் தினமும் பார்க்கிறேன் என்றாள். நேற்றும் இன்றும் பார்க்கவில்லை என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்கு நினைவிலேயே இல்லை. அவளுடைய காது முழுக்க உள்ளே இருந்தது. அவர் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் படியிறங்கிப் போனார்.

நாலு மணி வாக்கில் இருபத்துமூன்றாவது பதிலை எழுதினாள். எழுதும்போதே தெரிந்தது. முதல் கட்டம் அவருடையதைப் போலவே மேலே ஏறியது. இரண்டாவதில் அவர் திரும்பின இடத்தில் இவள் திரும்பாமல் ஒரு படி கூடுதலாகப் போனாள். அங்கிருந்து அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக, ‘ஸ’வுக்கு இறங்கினாள். அதை மெதுவாகப் பாடினாள். பாடி முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவர் கேட்கவில்லை.

ஜன்னலில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், கால் மணி நேரம். கேள்வி திரும்பி வரவில்லை. அவள் அந்தத் தாளில் இருபத்துமூன்று என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவருடைய நல்ல கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு வாரியத்து அம்மாவுக்குப் போன் போட்டு, முப்பத்திரண்டாவது தயார், மீதி எட்டையும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றாள். தாளைச் சுத்தமாகப் பிரதி எடுத்து இஸ்திரிக் கடைக்காரரிடம் கொடுத்து அன்றே தபாலில் போடச் சொன்னாள்.

புதன்கிழமை காலை வெந்நீர்ச் சட்டியோடு வந்து போர்வையை விலக்கினாள். வலது கால் தொடைவரை வீங்கி, தோல் இழுத்து மினுமினுத்து, நாவல்பழ நிறத்தில் இருந்தது. தொட்டாள். தொட்ட கணத்தில் அவர் முனகினார். மேலே ஏறி, சுற்றி, ‘ரி’யில் நின்றது. சட்டி கைதவறி விழுந்தது.

இஸ்திரிக் கடைக்காரரும் இன்னொருவரும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் படியிறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டு மணி நேரத்தில், காலில் கட்டிய ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது என்று சொன்னார்கள். மகள் வந்து சேர்ந்தபோது துணி போட்டு மூடியிருந்தது.

டாக்டர் சின்ன வயசு. எத்தனை நாளாக வீக்கம் இருந்தது, வலி என்று எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டார். அவருக்குப் பேச்சு வராது என்றாள் அவள். பாவம், எப்படிச் சொல்வார் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வாயில்லாமல் கிடந்த மனுஷன், உனக்கு எப்படியம்மா தெரியும் என்றார்கள். அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டினாள்.

மகள் லீவு போட்டுவிட்டு மூன்று வாரம் அம்மாவோடு இருந்தாள். அவளைத்தான் அம்மாவால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. சோற்றை அளைந்துகொண்டே, “நான் திங்கட்கிழமையே கிளம்பி வந்திருக்கணும். சந்தேகப்பட்டேன். அப்படியும் வரல” என்று தினம் ஒருமுறை சொல்லிவிடுவாள். கேட்கும்போதெல்லாம் அம்மா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றுவாள். பிசியோ வெள்ளிக்கிழமை வரவில்லை. விஷயம் தெரிந்து காரியத்துக்கு மட்டும் வந்து, ஓரமாக நின்று, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் போன அந்த மனிதர் மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது.

மகள் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வாரியத்திலிருந்து ஒரு கவர் வந்தது. முப்பத்திரண்டாவது ஜோடியை வினாத்தாளில் முதலாவதாகப் போட்டிருந்தார்கள். கனமான தாளில் அழகாக அச்சடித்த பிரதி ஒன்றைத் தனியாக அனுப்பி, இத்தனை வருஷத்தில் நீங்கள் இருவரும் செய்ததிலேயே இதுதான் உயர்ந்தது என்று வாரியத்து அம்மா தன் கையால் எழுதியிருந்தார்.

மகள் அதைப் படித்துவிட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணீரோடு முதல்முறையாகச் சிரித்தாள். மறுநாள் காலையிலேயே போய் இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துவந்து, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்றாள்.

“வேண்டாம்” என்றாள் அம்மா.

“ஏம்மா? அப்பா கடைசியாக் கேட்டதும்மா இது.”

“அதான் வேண்டாங்கறேன்.”

மகள் புரியாமல் பார்த்தாள். அம்மா கட்டில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செவ்வாய்க்கிழமை பிசியோ வந்ததையும், வேலையில் இருக்கிறோம் என்று வாசலோடு அனுப்பியதையும் சொன்னாள். இரண்டு நாள் வெந்நீர் வைக்காததையும், போர்வையை விலக்காததையும் சொன்னாள். அவர் குறுக்கே குறுக்கே புகுந்ததை, புது யோசனை என்று ஓரத்தில் எழுதிவைத்ததைச் சொன்னாள். சொல்லும்போது குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை.

மகள் அச்சுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். பிறகு, “அவர் எப்படி முனகினாரோ, அப்படியே முனகிக் காட்டு” என்றாள்.

அம்மா நான்கு கட்டத்தையும் பாடினாள்.

“தாள்ல இருக்கறது இல்லம்மா. நீ கேட்டது.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை ஓய்வுக் குறி போட்ட இடத்தில் மூச்சை இழுத்தாள், இழுத்தது உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது. சரிசெய்து எழுதிய ஸ்வரத்தைச் சரிசெய்யாமல் விட்டாள். கடைசியில் நீட்டி நின்றது எந்த ஸ்வரத்திலும் இல்லை; மேலே போகத் தெம்பில்லாமல் நின்றிருந்தது. அவள் வாயிலிருந்து வந்தது என்னவென்று இருவருக்கும் தெரிந்தது. இஸ்திரிக் கடையில்கூடப் பெட்டி தேய்க்கிற சத்தம் ஒரு நொடி நின்றது.

“இப்பக் கேட்டா எனக்கும் தெரியுது” என்றாள் அம்மா. “அன்னைக்குத் தெரியலடி. அன்னைக்கு எனக்கு அது பாட்டாத்தான் கேட்டுச்சு. உன்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் இன்னும் சொல்லல. அவர் விழுந்ததுலேர்ந்து அந்த ரெண்டு நாள்தான் நான் சந்தோஷமா இருந்தேன். அவ்வளவு சந்தோஷமா இருந்தேன்.”

மகள் தாளைக் கவருக்குள் போட்டு மேஜைமேல் வைத்தாள். ஊருக்குப் போகக் கட்டி வைத்திருந்த பையை ஜன்னல் பக்கத்தில் இழுத்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் அவள் ஊருக்குப் போகவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.